பரங்கி கொடுத்தது முந்திரி, பந்து அல்ல

எங்கள் ஊரான பெண்ணாடத்தை உரசிக்கொண்டு போகிற வெள்ளாறு, கிழக்கே ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அந்த முகத்துவாரத்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் போர்ச்சுக்கீசியர்கள் வந்து கடை போட்டார்கள். செஞ்சி நாயக்கர்களின் காலம் அது. வந்தவர்கள் ஊருக்குப் 'போர்ட்டோ நோவோ' என்று பெயர் வைத்தார்கள், துணிமணி வாங்கினார்கள், கப்பலில் ஏற்றினார்கள். அப்புறம் டச்சுக்காரன் வந்தான், டேனிஷ்காரன் வந்தான், கடைசியாக இங்கிலீஷ்காரன் வந்தான். முதலில் வந்தவனுக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் கோயிலில்தான், துறைமுகத்தில் கிடையாது. போர்ச்சுக்கீசியப் பரங்கி மெல்ல நழுவினான். ஊர்ப் பெயரில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் போனபிறகு கணக்குப் பார்த்தால், போர்ச்சுக்கீசிய வியாபாரத்தால் இந்த நாட்டுக்கு மிளகாய் மிச்சம், பப்பாளி மிச்சம், அன்னாசி மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக முந்திரி மிச்சம். பிரேசிலில் இருந்த மரத்தைக் கொண்டுவந்து இங்கே நட்டுவிட்டுப் போய்விட்டான். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது அந்த மரத்தால்தான். கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பாருங்கள். ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டு நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகை தேய்ந்திருக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த ஒரு மரம், இந்தக் கடலூர் மாவட்டத்துப் பெண்களின் கைக்கு வேலை கொடுத்தது. காலுக்கு வேலை கொடுக்க மறந்துவிட்டது.

அதாவது, இத்தனையும் கொண்டுவந்தவன் ஒரு ஃபுட்பாலைக் கொண்டுவரவில்லை. ரொனால்டோவின் நாட்டுக்காரன், ஃபிகோவின் நாட்டுக்காரன், எங்கள் ஆற்று வாயிலேயே குடியிருந்தவன், ஒரு பந்தை உருட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று எனக்கு நெடுநாள் ஆற்றாமை. விசாரித்துப் பார்த்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. அப்போது அவனிடமே பந்து இல்லை. கால்பந்துக்கு விதி எழுதியது 1863இல் லண்டனில். போர்ச்சுகல் மண்ணில் முதன்முதலாக ஒழுங்காக ஓர் ஆட்டம் நடந்தது 1875இல், மதீரா தீவில் காமாஷா என்கிற மலை ஊரில். அதுவும் இங்கிலாந்திலிருந்து பந்தோடு வந்த ஓர் ஆங்கிலேயப் பையனின் தயவில். அதே மதீராவில்தான் நூற்றுப்பத்து வருஷம் கழித்து கிறிஸ்டியானோ ரொனால்டோ பிறந்தார். ஆகப் பரங்கி பரங்கிப்பேட்டைக்கு வந்து முந்நூறு வருஷம் கழித்துத்தான் பந்தையே பார்த்தான். இரவல் வாங்கிய ஆட்டத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டான். நாமும் அதே இங்கிலீஷ்காரனிடம்தான் இரவல் வாங்கினோம். சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

இங்கிலீஷ்காரன் கடலூரில் ஆடிய முதல் பந்தாட்டம் வேறு மாதிரி. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பின்னால் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வாங்கியது அதுதான். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வினோதமான அளவு: பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம். நம்மூர் சர்வேயராக இருந்தால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு யார் வீடு என்று கேட்டுக்கொண்டு வந்திருப்பார். கம்பெனிக்காரன் பெரிய பித்தளைப் பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்தான். திசைக்கு ஒன்றாகச் சுட்டான். குண்டு போன தூரம்வரை அவனுக்குச் சொந்தம். கடலூர்ப் பட்டணமே உள்ளே வந்துவிட்டது. 'குண்டு கிராமங்கள்' என்று அந்த ஊர்களுக்குப் பெயரே உண்டு. உலகத்தில் எந்தக் கால்பந்து மைதானத்திலும் முதலில் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் பந்தை வைப்பார்கள். பந்தை உதைத்துவிட்டு, அது நின்ற இடத்தில் கோட்டைப் போட்டது எங்கள் மாவட்டத்தில் மட்டும்தான். விற்ற மராட்டியர் ஆஃப்சைடு கேட்டிருந்தாலும் கொடுக்க ஆள் இல்லை.

இன்னொரு ஆட்டமும் உண்டு. 1783. பிரெஞ்சுக்காரர்கள் கடலூருக்குள்ளே, இங்கிலீஷ்காரர்கள் வெளியே முற்றுகை. ஜூன் 13ஆம் தேதி பெரும் சண்டை. இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. மாதக் கடைசியில் கப்பலில் ஒரு செய்தி வருகிறது: ஐரோப்பாவில் இரண்டு தரப்பும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எப்போது? ஜனவரி 20ஆம் தேதியே! நடுவர் விசில் ஊதி ஐந்து மாதம் ஆகியும் கடலூரில் இஞ்சுரி டைம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. செத்தவர்களுக்கு அந்த விசில் கேட்கவே இல்லை. மற்றவர்கள் கைகுலுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெண்ணாடத்துக்காரன் ஒருவன் இவ்வளவு நேரம் கடலூரைப் பற்றியே பேசினால் ஊரில் மதிக்க மாட்டார்கள். எங்கள் ஊருக்கும் ஆட்டக்காரர்களை வாங்கிப்போட்ட சரித்திரம் உண்டு. பிரளயகாலேஸ்வரர் கோயில் தலபுராணம் சொல்வது இது: இந்திரன் பூப்பறித்து வரச்சொல்லித் தேவலோகத்துப் பெண்களை அனுப்புகிறான். அவர்கள் சாமியைப் பார்த்ததும் இங்கேயே தங்கிவிடுகிறார்கள். தேடிவரக் காமதேனுவை அனுப்புகிறான், பசுவும் தங்கிவிடுகிறது. அதைத் தேடி ஐராவதத்தை அனுப்புகிறான், யானையும் திரும்பவில்லை. ஒரே சீசனில் எதிரணியின் முக்கியமான ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் பைசா செலவில்லாமல் வளைத்துப்போட்ட கிளப் ஐரோப்பாவில்கூட இல்லை. இந்திரன் நான்காவதாக யாரையும் அனுப்பவில்லை என்று தெரிகிறது. புத்திசாலி.

நடுவர் கண்டிப்புக்கும் குறைவில்லை. அறுபத்துமூவரில் ஒருவரான கலிக்கம்ப நாயனார் எங்கள் ஊர்க்காரர். அடியார்களுக்குக் கால் கழுவும்போது மனைவி தண்ணீர் வார்க்க வேண்டும். வந்த அடியாரில் ஒருவர் முன்பு அந்த வீட்டிலேயே வேலை பார்த்தவர். அதைப் பார்த்து அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கினார். நாயனார் கையை வெட்டிவிட்டார். ஹேண்ட்பாலுக்கு இப்படி ஒரு தண்டனை எந்த விதிப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பக்தியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது. ஆனால் அந்த அம்மாள் தரப்பில் மேல்முறையீட்டுக்கு வழி இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இளம் திறமைசாலிகளைக் கோட்டைவிட்டதும் உண்டு. மெய்கண்டார் பிறந்தது பெண்ணாடத்தில். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே மாமன் திருவெண்ணெய்நல்லூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு சூத்திரம், நாற்பதே வரி, சைவ சித்தாந்தம் மொத்தத்தையும் மெய்கண்டார் அங்கே முடித்துவைத்தார். பிறந்த பெருமை எங்களுக்கு, கோப்பை அவர்களுக்கு.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு காலத்தில் கால்பந்து என்றால் கோடையில் வெள்ளாற்று மணல்தான். மணலில் பந்து உருளாது. உதைத்த இடத்திலிருந்து நாலடி போய்ப் பொத்தென்று உட்காரும். ஆகவே தூக்கித்தான் போட வேண்டும். தூக்கிப் போட்டால் காற்று கொண்டுபோகும். பேக், ஃபார்வர்டு என்று பிரித்துவிட்டாலும் பத்து நிமிஷத்தில் எல்லோரும் நடுவில் வந்து குவிந்து, ஒரே புழுதியில் இருபது கால் ஒரு பந்தைத் தேடும். ஒரு பக்கம் செருப்பு இரண்டு, மறுபக்கம் கரும்பு இரண்டு. அவைதான் கோல் கம்பம். இரண்டாம் பாதிக்குள் ஒரு கம்பத்தைக் கோலி கடித்துத் தின்றிருப்பான். சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்த ஊரில் இதெல்லாம் சகஜம்.

இந்தக் கூட்டத்தில் யாருமே 'நான் மிட்ஃபீல்டர்' என்று சொல்லிக்கொண்டு வரமாட்டான். காரணம் உண்டு. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற சித்தப்பாதான் மிட்ஃபீல்டர். சாம்பார் தீரப்போகிறது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். கடைசிப் பந்தி சாப்பிட்டவர் முகம் சுளிக்காமல் எழுந்தால் அது அவருடைய வேலை. ஆனால் போட்டோவில் அவர் இருக்கமாட்டார். ஃபார்வர்டு கோல் போட்டு மாலை வாங்குவான், கோலி பாய்ந்து விழுந்து கைதட்டு வாங்குவான், நடுவில் இருக்கிறவர் பதினொரு கிலோமீட்டர் ஓடிவிட்டு 'அவர் ஆடினாரா?' என்ற கேள்வியை வாங்குவார்.

இந்த நன்றி கெட்ட வேலைக்கு உலகத்துக்கே ஆள் அனுப்புகிற நாடு போர்ச்சுகல். நாட்டின் ஜனத்தொகை ஒரு கோடி சொச்சம். நம் தமிழ்நாட்டில் சுமார் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே தயாராகிற நடுக்கள ஆட்டக்காரர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் தலை சுற்றும். லூயிஸ் ஃபிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவில் ஐந்து வருஷம் தெய்வமாக இருந்தவர். 2000ஆம் ஆண்டு ஜூலையில் பரம விரோதியான ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். விலை சுமார் 6 கோடியே 20 லட்சம் யூரோ. அன்றைய உலக சாதனை. மாட்ரிட் கிளப் தேர்தலில் 'என்னைத் தலைவராக்கினால் ஃபிகோவைக் கொண்டுவருவேன்' என்று வாக்குறுதி கொடுத்த ஃப்ளோரென்டினோ பெரெஸ் ஜெயித்துத் தொலைத்ததுதான் காரணம். தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றினால் என்ன ஆகும் என்று நம் அரசியல்வாதிகளுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். 2002 நவம்பரில் ஃபிகோ மாட்ரிட் சட்டையோடு பார்சிலோனா மைதானத்தில் கார்னர் எடுக்க நின்றபோது பாட்டில் பறந்தது, லைட்டர் பறந்தது, கடைசியில் ஒரு பன்றித் தலையும் வந்து விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் உள்ளே அழைத்துப் போனார்கள். பன்றித் தலையோடு கால்பந்து பார்க்கப் போகிறவர், வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. 2016 ஜூலையில் சென்னையில் தொடங்கிய உள்ளரங்கக் கால்பந்துத் தொடருக்கு இதே ஃபிகோவைத்தான் தலைவர் என்று போட்டார்கள். அங்கே யாரும் எதையும் வீசவில்லை.

ஃபிகோ பெரிய இடம். சாதாரண போர்ச்சுக்கீசிய மிட்ஃபீல்டரின் வாழ்க்கைதான் எனக்குப் பிடித்தது. சீலாஸ் என்று ஒருவர். 1976இல் பிறந்தவர். போர்ச்சுகல் தேசிய அணிக்கு மூன்றே ஆட்டம். ஸ்பெயின், இங்கிலாந்து, சைப்ரஸ் என்று சுற்றிவிட்டு 39ஆவது வயதில், 2015இல், இந்தியன் சூப்பர் லீக்கில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணிக்காக குவாஹாட்டிக்கு வந்து சேர்ந்தார். நான்கு வருஷம் கழித்துப் பார்த்தால் லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குப் பயிற்சியாளர். பிரம்மபுத்திராவில் குளித்தால் பலன் உண்டு போலிருக்கிறது. ஆறு மாதத்தில் அவரை அனுப்பிவிட்டு, வேறொரு கிளப்பிலிருந்து ரூபன் அமோரிம் என்பவரை ஒரு கோடி யூரோ கொடுத்துப் பயிற்சியாளராகக் கூட்டிவந்தார்கள் என்பது பிற்சேர்க்கை. பாவ்லோ மச்சாடோ இன்னொருவர். போர்ட்டோவில் பிறந்து, பிரான்ஸில் செயின்ட் எட்டியென், துலூஸ், கிரேக்கத்தில் ஒலிம்பியாகோஸ், குரோஷியாவில் டைனமோ ஸாக்ரெப் என்று ஆடி, ஊர் திரும்பி, பிறகு 2018இல் மும்பை சிட்டிக்கு வந்தார். சென்னைக்கும் ஒரு போர்ச்சுக்கீசியர் வந்தார், என்ரிக்கே செரெனோ. 2017-18இல் சென்னையின் எஃப்சி கோப்பை வென்ற அணியில் இருந்தவர். ஆனால் அவர் தற்காப்பு ஆட்டக்காரர். மிட்ஃபீல்டர் வேண்டும் என்று நேர்ந்துகொண்டவனுக்குப் பேக் கிடைத்தது.

நூற்றாண்டுகள் மாறினாலும் வியாபாரம் மாறவில்லை. பரங்கி அன்றைக்கும் தூரத்திலிருந்து வந்தான், கொஞ்ச நாள் இருந்தான், கிளம்பிவிட்டான். இன்றைக்கும் அப்படித்தான். முட்டி தேய்ந்தபிறகு வருகிறார், சில மாதம் ஆடுகிறார், போகிறார். பெண்ணாடத்து சாமிக்கு இருந்த ஈர்ப்பு சூப்பர் லீக்குக்கு இல்லை.

சரி, பரங்கியை விடுங்கள். அவன் முந்திரி நட்டுவிட்டுப் போன அதே மாவட்டத்தில் ஒரு மிட்ஃபீல்டர் முளைத்தார். பெயர் இந்துமதி கதிரேசன். கடலூரில் 1994 ஜூன் 5ஆம் தேதி பிறந்தவர். இந்தியப் பெண்கள் அணியின் நடுக்களம்.

இவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் ஒரு போர்ச்சுக்கீசிய மிட்ஃபீல்டரின் வாழ்க்கைக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சிரிப்பு தானாக வரும். அங்கே டிரான்ஸ்பர் என்றால் கோடி யூரோ, ஏஜென்ட், விமான நிலையத்தில் சால்வையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். இவருடைய துறையிலும் டிரான்ஸ்பர் உண்டு. அதற்கு ஓர் உத்தரவு வரும், பெட்டியைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். எஸ்.ஐ.யை வாங்க இரண்டு காவல் நிலையங்கள் ஏலம் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

2017 ஜனவரி 4, சிலிகுரி. தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை 3-1 என்று முடிக்கிறது. மூன்றாவது கோல் இந்துமதி. அடுத்த வருஷம் கட்டாக்கில் தேசிய சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். எதிரே மணிப்பூர். பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் கோப்பை வேறு யாருடையதாகவும் இருக்கலாம் என்ற எண்ணமே இல்லாத அணி. தமிழ்நாடு 2-1 என்று ஜெயித்தது. மாநிலத்துக்கு அதுதான் முதல் பட்டம். மறுநாள் பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பரைப் புரட்டினால், ஒரு கிரிக்கெட் வீரரின் தொடைத் தசைப்பிடிப்புக்கு நாலு பத்தி. அதன் கீழே, போண்டா எண்ணெய் ஊறிய மூலையில், தமிழ்நாடு தேசிய சாம்பியன். எண்ணெயில் எழுத்து கொஞ்சம் தெளிவாகவே தெரிந்தது.

அதே 2018இல் ஷில்லாங்கில் நடந்த பெண்கள் லீகில் கடலூர் இந்திரா காந்தி அகாடமியின் பெயரில் ஓர் அணி இறங்கியது. சென்னையின் பெயரில் அல்ல, கோவையின் பெயரில் அல்ல. குண்டு போட்டு எல்லை வகுத்த அதே கடலூரின் பெயரில். 2019இல் மதுரை சேது எஃப்சி, லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கியபோது, நடுவில் இந்துமதி, முன்னால் பண்ருட்டிப் பெண் சந்தியா ரங்கநாதன். பரங்கியின் முந்திரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பண்ருட்டிக்காரர்களிடம் எதைப் பேசினாலும் பலாவிலோ முந்திரியிலோ கொண்டுவந்து முடிப்பார்கள். அந்த லீக் கோப்பைக்கு இரண்டு மாதம் முன்பு நேபாளத்தில் பிராட்நகர். தெற்காசியக் கோப்பை அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக நான்கு கோல், அதில் இரண்டு இந்துமதி. இறுதியில் நேபாளத்தை அதன் சொந்த ஊரிலேயே 3-1.

பிறகு 2020. ஊரடங்கு. போர்ச்சுகலில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வீட்டுத் தோட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு, அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருந்த நேரம். இந்தியாவின் மிட்ஃபீல்டர் சென்னைத் தெருவில் காக்கிச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் வேலை ஒன்றும் மாறவில்லை. எதிரே வேகமாக வருகிறவனை நடுவிலேயே மறிக்க வேண்டும். அவன் இடதுபக்கம் ஒதுங்குவானா, வலதுபக்கம் சந்துக்குள் திரும்புவானா என்று அவன் கண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பால் வாங்கப் போகிறேன் என்று பால்கார்டைக் காட்டி ஏமாற்றுகிறவன் ஸ்ட்ரைக்கர். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு வருகிறவன் ஆஃப்சைடு. தேசிய அணியில் ஆடும் ஒருவர், வண்டியில் மூன்று பேர் போகக் கூடாது என்று சொல்ல, 'யாரைத் தெரியுமா எங்களுக்கு' என்று பதில் சொன்ன மகாத்மாக்களும் அந்த நகரத்தில் இல்லாமலா இருந்திருப்பார்கள். எதிரே நிற்பது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

2021 நவம்பரில் இந்திய அணி பிரேசிலுக்குப் போய் 6-1 என்று தோற்றது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரேசிலுக்கு எதிராக ஒரு கோல் என்பதை நான் வரவில்தான் எழுதுவேன். மனிஷா கல்யாண் போட்டது. அது பிரேசில் அணிக்காக ஃபோர்மிகா ஆடிய கடைசி ஆட்டம். ஏழு உலகக் கோப்பை, ஏழு ஒலிம்பிக் கண்டவர், வயது 43. போர்ச்சுக்கீசிய மொழி பேசுகிற மிட்ஃபீல்டர் ஒருவரின் வழியனுப்பு விழாவுக்கு விருந்தாளியாக அழைக்கப்பட்டது இந்தியா. பரங்கியோடு நமக்கு என்ன பூர்வஜென்ம பந்தமோ.

அடுத்து நடந்ததுதான் உச்சம். 2022 ஜனவரி, ஆசியக் கோப்பை. நடத்துகிற நாடு இந்தியா. இந்துமதியும் அணியில் இருந்தார். நவி மும்பையில் 20ஆம் தேதி ஈரானோடு முதல் ஆட்டம், 0-0. 23ஆம் தேதி சீன தைபேயோடு. அதற்குள் முகாமுக்குள் கொரோனா புகுந்துவிட்டது. பதின்மூன்று பேரின் பெயரை எழுதிக் கொடுத்தால்தான் ஆட்டம் உண்டு. பதின்மூன்று பேர் தேறவில்லை. ஆட்டம் இல்லை, விதிப்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு. போட்டியை நடத்துகிற நாடு போட்டியில் இல்லை. கொடிக்கம்பம் நம்முடையது, மைதானம் நம்முடையது, பாட்டு நம்முடையது, ஆள் மட்டும் இல்லை. அத்தோடு விடாமல், ஈரானோடு ஆடிய அந்த 0-0வையும் செல்லாது என்று அழித்துவிட்டார்கள். கோலே விழாத ஓர் ஆட்டத்தை ரத்துசெய்ய எவ்வளவு நுட்பமான மனம் வேண்டும்! வருஷக்கணக்கில் ஓடி ஓடிச் சேர்த்த மூச்சு, ஓட்டல் அறையில் தனிமைப்படுத்தலில் தீர்ந்தது. இந்த இடத்தில் எனக்கு நையாண்டி வரவில்லை.

அப்புறமும் அவர் ஆடினார். 2023இல் கோகுலம் கேரளாவோடு லீக் கோப்பை. அகமதாபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் கிக்ஸ்டார்ட் அணிக்கு எதிராக 5-0. அடுத்த மாதமே அமிர்தசரஸில் ஹரியாணாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு இரண்டாம் முறையாகத் தேசிய சாம்பியன். 2024 பிப்ரவரியில் துருக்கியில் அலன்யா என்ற கடற்கரை ஊரில் எஸ்தோனியாவை இந்தியா 4-3 என்று வென்றது. ஒரு ஐரோப்பிய நாட்டின் முதன்மைப் பெண்கள் அணியை இந்தியா வென்றது அதுதான் முதல் தடவை. நாலில் ஒன்று இந்துமதியின் கோல். 1690இலிருந்து ஐரோப்பியர்கள் நம்மூரில் அடித்த பந்துக்கு, கடலூரிலிருந்து போன ஒரு பந்து அங்கே போய் விழுந்திருக்கிறது. அந்தப் பழைய ஒப்பந்தப்படி பார்த்தால் அலன்யா, பிராட்நகர், சிலிகுரி, கட்டாக் எல்லாம் இன்று கடலூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட வேண்டிய வருவாய் கிராமங்கள். பட்டா மாற்றச் சொல்லி யாராவது மனுக் கொடுக்கலாம். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் சர்வர் வேலைசெய்யும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும்.

2024 ஜூலையில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023-24க்கான சிறந்த வீராங்கனை விருதை இந்துமதிக்குக் கொடுத்தது. நாட்டிலேயே முதல் இடம். அந்த வாரம் எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தது. கிரிக்கெட்டுக்காக இல்லை, இதற்காகவும் இல்லை. ஒரு கட்சிப் பிரமுகரின் பிறந்தநாள்.

இந்த மாவட்டத்தில் எட்டாவது படிக்கிற ஒரு பெண்ணிடம் போர்ச்சுகலின் மிட்ஃபீல்டர் பெயரைக் கேட்டால் சொல்லிவிடுவாள். வீட்டில் அண்ணன் செல்போனில் ஆடுகிற ஆட்டத்தில் அந்தப் பெயர் வருகிறது. கடலூரின் மிட்ஃபீல்டர் பெயரைக் கேட்டால் விழிப்பாள். அவள்மேல் தப்பில்லை. நாம் அந்தப் பெயரைப் போண்டா சுற்றக் கொடுத்துவிட்டோம். போர்ச்சுகல் செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குப் பந்தைக் கொடுத்தது, ஒழுங்கான தரையைக் கொடுத்தது, வாரக் கடைசியில் ஆட எதிரணியைக் கொடுத்தது. நம்மிடம் பந்து இருக்கிறது, எதிரணி எல்லாத் தெருவிலும் இருக்கிறது. தரைதான் பூட்டிக்கிடக்கிறது.

ஆற்றில் இப்போது ஆட முடியாது. மணல் லாரி போன பாதையில் ஆளுயரப் பள்ளம். பள்ளிக்கூட மைதானம் உண்டு, கேட்டும் உண்டு, கேட்டில் பூட்டும் உண்டு. சனிக்கிழமை மதியம் போட்ட பூட்டு திங்கள்கிழமை காலையில்தான் திறக்கிறது. பையன்கள் சுவரேறிக் குதித்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் பாவாடையோடு சுவரேற முடியாமல் வெளியே நிற்கிறார்கள். விருத்தாசலம், திட்டக்குடி, பெண்ணாடம் பக்கத்துத் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் ஒரே வேண்டுகோள்: வாரத்தில் இரண்டு நாள் மாலை நாலிலிருந்து ஆறு மணிவரை அந்த கேட்டைப் பெண் பிள்ளைகளுக்காகத் திறந்துவிடுங்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. பந்துக்கு நாங்கள் வசூல் பண்ணிக்கொள்கிறோம்.